மேல் பாதியின் நிறம்

கண் கட்டைப் பிரித்த மறுநாள் காலை நூல்கடைக்காரர் செய்த முதல் வேலை, ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்ததுதான். பல் துலக்கியதெல்லாம் அப்புறம். நடுத்தட்டில் அவருடைய ஆறு ரயில் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கீழ்ப் பாதி அரக்கு, மேல் பாதி கிரீம். ஜன்னல் கம்பி முதல் கதவுக் கைப்பிடி வரை அவரே செய்தது, அவரே கலந்து அடித்த பெயிண்ட். புதுக் கண்ணால் அதையெல்லாம் ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே முடிவு செய்து வைத்திருந்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அரக்கு அப்படியேதான் இருந்தது. கிரீமைத்தான் காணோம். அந்த இடத்தில் ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிப்பார்களே, நீலம் தட்டிய ஒரு வெள்ளை, அது இருந்தது. ஒரு பெட்டி, இரண்டு பெட்டி அல்ல, ஆறிலும்.

யார் இதைத் தொட்டது என்று வீடே அதிரக் கேட்டார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெளிக் கண்ணாடியை மட்டும்தான் துடைத்தேன், உள்ளே கை வைக்கவே இல்லை என்றாள். சோப்புப் போட்டாயா, எலுமிச்சை கிலுமிச்சை தேய்த்தாயா என்று குறுக்கு விசாரணை நடந்தது. பாவம், அவள் அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கண் உறுத்தியதால் அவர் எதேச்சையாக வலக் கண்ணைக் கையால் பொத்தினார். உடனே கிரீம் வந்துவிட்டது. கையை எடுத்து இடக் கண்ணைப் பொத்தினார். மறுபடி ஆஸ்பத்திரிச் சுவர். வலது, இடது, வலது, இடது என்று பத்துத் தடவை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தார். ஆபரேஷன் ஆன வலக் கண் ஒன்று சொன்னது, ஆகாத இடக் கண் வேறொன்று சொன்னது. இரண்டும் ஒரே மூக்கின் இரண்டு பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிச் சண்டை போடும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

இன்னொருவராக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். இவரால் முடியாது. இவர் பிழைப்பே நிறம்தான். கடையில் மூன்று சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்து நூல்கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். தையல்காரர்கள் நகக்கண் அளவு துணியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். இவர் அதை ஒரு தரம் பார்ப்பார், திரும்புவார், இழுப்பறையைத் திறந்து ஒரு கண்டை எடுத்து மேஜையில் தள்ளுவார். முப்பது வருஷமாக இதே கதை. ஒரு கண்டு தப்பாகப் போனதில்லை என்று ஊரே சொல்லும். அவரும் சொல்லிக்கொள்வார், கொஞ்சம் அடிக்கடியே.

இந்தப் பெருமை ரயில் கிளப்பிலும் அவருக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்திருந்தது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. சனிக்கிழமை தோறும் பன்னிரண்டு வளர்ந்த ஆட்கள் கூடிக் குழந்தைகளைக் கிட்ட விடாமல் ரயில் விடுவார்கள். நிறத்தில் சந்தேகம் வந்தால் இவர் பக்கம் திரும்புவார்கள். அங்கே இவருக்கு 'ஜட்ஜ்' என்று பெயர்.

ஜட்ஜ் கொடுத்த தீர்ப்புகளிலேயே பெரியது இரண்டு வருஷத்துக்கு முந்தியது. எப்போதோ ஓடி நின்றுபோன ஒரு ரயிலைப் பன்னிரண்டு பெட்டியோடு செய்வதென்று கிளப்பில் முடிவாயிற்று. ஆறு பெட்டி ஜட்ஜ் செய்வது, மீதி ஆறை அவருடைய மச்சினன் செய்வது. மச்சினன் என்றால் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், கையில் வேலை சுத்தம், வாயில் அவ்வளவு சுத்தம் இல்லை. பழைய போட்டோக்களில் மேல் பாதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வெளுத்திருந்தது. கடைகளில் கிரீம் என்ற பெயரில் ஏழெட்டு டப்பா விற்கிறார்கள். மச்சினன் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, அதே ரயிலின் கதவிலிருந்து கழற்றிய உள்ளங்கை அகலத் தகடு ஒன்றைக் கண்டுபிடித்தான். அதைப் பார்த்துப் பார்த்துத் தன் ஆறு பெட்டிகளுக்கும் அடித்து, தகட்டையும் கையோடு கிளப்புக்குக் கொண்டுவந்தான்.

ஜட்ஜ் தகட்டைத் தூக்கிப் பார்த்தார். இது மஞ்சள் என்றார். வயசானால் எதுவும் மஞ்சள் பாரிக்கத்தான் செய்யும், இரும்பு மட்டும் விதிவிலக்கா என்று ஒரு போடு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சினன் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பலகாரப் பாத்திரத்தோடு வந்திருந்த தன் அக்காவைப் பார்த்துத் திரும்பி, தகட்டை நீட்டினான்.

"அக்கா, நீ சொல்லு. இது என்ன கலர்?"

அவள் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கடைசியில் தகட்டையும் பார்த்தாள்.

"மஞ்சள்தான்டா," என்றாள்.

மச்சினன் தன் ஆறு பெட்டிகளையும் நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு படி இறங்கினான். அதோடு சரி. கிளப்புக்கும் வருவதில்லை, அக்கா வீட்டுக்கும் வருவதில்லை. இரண்டு வருஷமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னையறியாமல் ஒரு தட்டு கூடுதலாக வைத்துவிட்டு, பிறகு எடுத்து உள்ளே வைப்பாள் அவள். அதை ஜட்ஜ் பார்த்ததுண்டு. பார்க்காத மாதிரி இருந்ததும் உண்டு.

இப்போது புரிந்திருக்கும், அலமாரி முன்னால் அந்த மனிதர் ஏன் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார் என்று. வலக் கண் சொல்வது நிஜமென்றால் தப்பு பெட்டியில் மட்டும் இல்லை. மச்சினனை விரட்டியது தப்பு, இரண்டு வருஷம் தப்பு. அடுத்த ஞாயிறு கிளப்பின் கண்காட்சி வேறு. அதற்காக ஏழாவதாக, ரயிலின் கடைசியில் வருகிற கார்டு பெட்டி ஒன்று செய்து, சாம்பல் நிற பிரைமர் அடிப்பூச்சோடு வைத்திருந்தார். அதற்கு எந்தக் கிரீமை அடிப்பது?

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, புதிதாக வைத்த லென்ஸ் சுத்தமாகக் காட்டுகிறது, மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் ஆகப்போகிற, புரை விழுந்த இடக் கண்தான் இத்தனை நாளாக எல்லாவற்றையும் டீத்தண்ணி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார். வெளிர் நிறங்களில் வித்தியாசமே பிடிபடாதாம். நாலைந்து வருஷமாகவே அப்படித்தான் இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

அங்கேதான் நம் ஆளுக்கு ஒரு பிடி கிடைத்தது.

"அப்படின்னா என் கடையில நாலு வருஷமா எல்லாருக்கும் தப்பு நூல்தானே போயிருக்கணும்? ஒரு கண்டு கூடத் திரும்பி வரலையே, டாக்டர்?"

டாக்டரம்மா, சொட்டு மருந்தை மறக்காமல் விடுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வழியெல்லாம் அவருக்கு இதே யோசனை. நூல் வியாபாரத்தில் சமாதானம் என்பதே கிடையாது. ஒரு நூல் தூக்கலாகத் தெரிந்தால் தையல்காரர்கள் கண்டை மூஞ்சியில் எறிவார்கள். நாலு வருஷமாக எறியவில்லை. ஆகவே பழைய கண் சரி, லென்ஸில்தான் கோளாறு. இப்படி ஒரு முடிவுக்கு வந்து பத்தடி நடப்பார். எதிரே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வருவார், அந்த வெள்ளை வலக் கண்ணில் பளிச்சென்று அடிக்கும், முடிவு காலியாகும்.

சந்தேகம் வேண்டாமென்று பெயிண்ட் கடையில் எட்டு டப்பா வாங்கினார். கிரீம், ஐவரி, வெண்ணெய், பால் வெள்ளை என்று மூடியில் பெயர் மட்டும் வாய் நிறைய இருந்தது. எட்டு ஐஸ் குச்சிகளில் ஒன்று முதல் எட்டு வரை நம்பர் எழுதி ஒவ்வொரு பெயிண்டாகத் தடவி ஜன்னலோரம் காயவைத்தார். காய்ந்த பிறகு பார்த்தால் நம்பரை ஒன்றில் கூடக் காணோம். பெயிண்ட் தடவுகிற முனையிலேயே எழுதித் தொலைத்திருந்தார். முதலிலிருந்து மறுபடி எல்லாம்.

இரண்டாம் தடவை வலக் கண் இரண்டாம் நம்பர் குச்சியைப் பிடித்துக்கொண்டது. டப்பாவிலிருந்து அப்படியே எடுத்த சாதாரணக் கிரீம், ஒன்றும் கலக்காதது. இடக் கண் அதைச் சகதி என்றது. வழக்கம்போல அதில் வெள்ளையைக் கொட்டி ஒரு சொட்டு நீலமும் விடு, அப்போதுதான் கிரீம் ஆகும் என்றது. இத்தனை வருஷமும் அப்படித்தானே கலந்திருக்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்தது. கிரீம் வேண்டும் என்பதற்காக ஒருவன் நீலம் கலப்பானா என்று முதல் தடவையாக ஒரு கேள்வியும் வந்தது. இரண்டு கண்ணையும் திறந்தால் தலைதான் வலித்தது.

கிளப் ஆட்கள் மூன்று பேரிடம் குச்சிகளைக் காட்டிக் கேட்டார். மூன்று பேரும், நீங்கள் சொன்னால் சரிதான் ஜட்ஜ் என்றார்கள். நான்தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்றால், அதுவும் சரிதான் என்றார்கள். மனைவியிடம் கேட்டார். எனக்கு என்னங்க தெரியும், உங்களுக்குத் தெரியாததா என்றாள். அவள் பார்வை குச்சிப் பக்கமே வரவில்லை.

கண்காட்சிக்கு இன்னும் ஐந்து நாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் கூட நிற்கிற மனைவி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரம், தையல்காரம்மா ஒருத்தர் கடைக்கு வந்தார். பதினைந்து வருஷ வாடிக்கை. கையில் இருந்த கவரைத் தயங்கித் தயங்கி மேஜையில் வைத்தார்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து குடுத்த நூல் சேரலை. மஞ்சளா நிக்குது."

அவருக்கு நேற்றுக் கொடுத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. கிரீம் நிறத்துத் துணி. இடக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வலக் கண்ணால் மட்டும் பார்த்து, புதுக் கண்ணின் முதல் வியாபாரம் என்று ரசித்து எடுத்துத் தள்ளிய கண்டு. நம்பர் பதினாலு. கவரிலிருந்து கண்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் பதினாறு என்று இருந்தது.

எடுத்தது பதினாலு. போனது பதினாறு. நடுவில் இருப்பது ஒரு மேஜை. மேஜையின் அந்தப் பக்கம் இருப்பது மனைவி. அவர் தள்ளுகிற கண்டைக் கவரில் போட்டுக் காசு வாங்குவது அவள் வேலை. தையல்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுப் பதினாலைக் கொடுத்தனுப்பினார். பிறகு மேஜையைச் சுற்றிப் போய் குனிந்து பார்த்தார். அவள் காலருகே ஒரு தகர ட்ரே இருந்தது. அதை எப்போதும் கண்டிருக்கிறார், மிச்சச் சரக்கு என்று நினைத்திருக்கிறார். அதில் வெளிர் நிறக் கண்டுகள் நம்பர் வாரியாக அடுக்கியிருந்தன.

சாயங்காலம் ஒரு பையன் பள்ளிச் சட்டைத் துணியோடு வந்தான். ஜட்ஜ் பார்த்து, திரும்பி, பன்னிரண்டாம் நம்பரை எடுத்துத் தள்ளினார். இந்த முறை அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பவில்லை, மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நிற்கவில்லை, கண் கீழே போகவில்லை. கை மட்டும் பன்னிரண்டைக் கீழே கொண்டுபோய் வேறொன்றைக் கொண்டுவந்தது.

"அந்தக் கவரைப் பிரிம்மா," என்றார்.

அவள் போனை வைத்தாள். பிரித்தாள். நம்பர் பதினாலு.

பையனுக்குச் சரியான கண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார். எத்தனை நாளாக என்று கேட்டார். நாலு வருஷம் இருக்கும் என்றாள். ஆரம்பத்தில் ஒருத்தர் ஆறு கண்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்தாராம். இவர் பார்ப்பதற்குள் அவள் தெருவுக்கே ஓடி மாற்றிக் கொடுத்தாளாம். அன்றைக்கு ராத்திரி, கண்ணை ஒரு தடவை காட்டுங்களேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கும் அந்த வாரம் ஞாபகம் இருந்தது, காரணம்தான் மறந்துபோயிருந்தது. அதற்கப்புறம் அவள் சொல்வதை விட்டுவிட்டு மாற்றுவதை வைத்துக்கொண்டாள். முதலில் துணியோடு சேர்த்துப் பார்த்து மாற்றினாள். போகப் போகக் கணக்கு பிடிபட்டுவிட்டது. அவர் எடுக்கிற வெளிர் நிறம் எதுவானாலும் ரெண்டு நம்பர் தள்ளிப் போட்டால் சரியாக இருக்கும்.

"இப்ப உங்க கண்ணு சரியாயிடுச்சுன்னு மறந்துட்டேங்க," என்றாள். "கை பழகிப்போச்சு."

கோபப்படுவதா, கும்பிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாக ஊர் மெச்சிய கண் இவருடையதே இல்லை, மேஜைக்குக் கீழே இருந்த ஒரு கையினுடையது. அவமானமாக இருந்தது. ஒரு கண்டு கூடத் திரும்பவில்லையே என்று டாக்டரம்மாவிடம் பெருமையடித்ததை நினைத்தபோது நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

"அப்ப அன்னைக்கு, கிளப்புல? உன் தம்பி கேட்டானே?"

அவள் சணல் கயிற்றை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினாள். சுற்றி முடித்து, பிரித்து, மறுபடி சுற்றினாள்.

"பன்னெண்டு பேருக்கு முன்னாடி உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்? கடை என்னாகும்? தம்பிதானே, பொறுத்துக்குவான்னு நினைச்சேன்."

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "பொறுத்துக்கலை," என்றாள்.

புதன்கிழமை விடிந்ததும் கடையைத் திறக்கவில்லை. ஒரு செருப்புப் பெட்டியில் ஆறு பெட்டிகளையும் அந்தச் சாம்பல் நிறக் கார்டு பெட்டியையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மச்சினன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மூன்றாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. வேறொரு நாளாக இருந்தால் ஜட்ஜ் அதற்கு ஒரு வசனம் வைத்திருப்பார். இன்று பேசாமல் ஏறினார். அவளோ ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். நான் கீழேயே இருக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டாள்.

மச்சினன் கதவைத் திறந்தான். வேலைக்குக் கிளம்பிய சட்டை, கையில் ஸ்பேனர் பை. வாங்க அத்தான் என்றான், முகத்தில் சிரிப்பு இல்லை. அக்காவை வா என்று சொல்லவில்லை, ஆனால் கதவை அவளுக்கும் சேர்த்து அகலமாகவே திறந்து பிடித்தான். கண் ஆபரேஷன் ஆனதாகக் கேள்விப்பட்டேன் என்றான். யார் சொன்னது என்று இவர் கேட்கவில்லை.

செருப்புப் பெட்டியைத் திறந்து ஜன்னலோர மேஜையில் ஏழு பெட்டிகளையும் வரிசையாக வைத்தார். மச்சினன் அந்த நீல வெள்ளையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து நியூஸ் பேப்பர் பொட்டலத்தை இறக்கினான். இரண்டு வருஷத் தூசி. உள்ளே அவனுடைய ஆறு பெட்டிகளும் அந்தத் தகடும் சுற்றியது சுற்றியபடி இருந்தன.

"சொல்லுங்க, ஜட்ஜு," என்றான். "இந்தத் தடவை என்ன தீர்ப்பு?"

நூல்கடைக்காரர் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வலக் கண்ணைப் பொத்தினார், மஞ்சள் சகதி. இடக் கண்ணைப் பொத்தினார். பதினாலாம் நம்பர் நூல் மாதிரி, இரண்டாம் நம்பர் குச்சி மாதிரி, அருமையான, சந்தேகமே இல்லாத கிரீம். பதில் அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் திறந்தால் இன்றைக்கும் ஜட்ஜ்தான் நிறம் சொன்னதாக ஆகும். பக்கத்தில் நிற்கிறவள் இரண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருப்பது தொண்டையிலேயே நின்றுவிடும்.

"எனக்குத் தெரியலை மாப்ளே," என்றார். முப்பது வருஷத்தில் அவர் இந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "உங்க அக்காவைக் கேளு."

மச்சினன் ஸ்பேனர் பையைத் தரையில் வைத்தான். அவர் கையிலிருந்து தகட்டை வாங்கினான். அக்கா பக்கம் திரும்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சொல்லுக்கா. இது என்ன கலர்?"

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கிரீம்டா தம்பி," என்றாள். "அன்னைக்கும் கிரீம்தான்."